கிணற்றுக்கு ஒரு குவாட்டர்

இந்தக் கதையை நான் பல வருடங்களாக நம்பவில்லை. நம்புவதா வேண்டாமா என்று தீர்மானிக்காமல் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன் என்று சொல்வது இன்னும் சரியாக இருக்கும். சொன்னவள் உலகம்மாள், எங்கள் தெருவுக்குக் கல்லுப்பு விற்க வருகிறவள், என்னைவிடச் சில வயது மூத்தவள். உப்பைப் படியில் அளந்து போட்டபடியே சொல்வாள்; ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் தொடங்கி ஒரே இடத்தில் முடிப்பாள்; நடுவில் ஒரு சொல்கூட மாறாது. மாறாததே எனக்குச் சந்தேகத்தைக் கொடுத்தது. நடந்ததைச் சொல்கிறவர்கள் எங்காவது தடுமாறுவார்கள் என்று நினைத்திருந்தேன். இப்போது யோசித்தால் நான் சந்தேகப்பட்டது கதையின் எந்தப் பகுதியை என்பதே எனக்குத் தெளிவாக இல்லை. அவள் சொன்னபடியே சொல்லிவிடுகிறேன்.

தேரியடி என்கிற ஊர் உப்பளங்களுக்கு நடுவில் இருந்தது. ஊருக்குக் கிழக்கே உப்பு, மேற்கே உப்பு, பெண்கள் துவைத்துக் காயப்போட்ட சேலைகளின் மடிப்பில் உப்பு, தூங்கும் பிள்ளைகளின் இமையோரத்தில் உப்பு. ஊருக்கு நடுவே அளத்தம்மன் கோயிலுக்கு எதிரில் ஒரு கிணறு உண்டு. எந்தக் கோடையிலும் வற்றாது, எந்த மழையிலும் இனிக்காது. மாடுகூட மூக்கை வைத்துப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும். குடிக்கிற தண்ணீர் லாரியில் வந்தது, வராத நாளில் வரவில்லை.

அந்த ஊரில் உப்பு வாருகிறவன் வெயிலுமுத்து, உலகம்மாளின் புருஷன். கல்யாணமான புதிதில் சந்தோஷத்துக்குக் குடித்தான், பிறகு அலுப்புக்குக் குடித்தான், அதற்கும் பிறகு காரணம் எதுவும் தேவைப்படாமல் குடித்தான். காலையில் முதல் வாய் உள்ளே போனால்தான் வாருபலகையைப் பிடிக்கிற அளவுக்குக் கை நடுக்கம் நிற்கும். உலகம்மாள் கோயிலில் கயிறு கட்டவைத்தாள், மலைக்கு மாலை போடவைத்தாள், பிள்ளையின் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கினாள், கோபித்துக்கொண்டு தாய்வீட்டுக்குப் போனாள், போனதைவிட வேகமாகத் திரும்பி வந்தாள். கயிறு நைந்தது, மாலை கழன்றது, சத்தியத்தை அவன் மறந்தான், அவள் மறக்கவில்லை.

சாராயக் கடை மூடியிருந்த ஒரு நாளுக்கு மறுநாள் காலையில் அவன் உப்புப் பாத்திக்குள் விழுந்தான், கைகால் வெட்டி வெட்டி இழுத்தது. பல்லுக்கிடையில் உப்பும் ரத்தமுமாக அவனை உப்பு லாரியில் ஏற்றி டவுன் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அவன் சுவரில் உப்பு ஏறி வருகிறது, கூரையைத் தொடப் போகிறது என்று கத்தினான். கட்டிலோடு கட்டிவைத்து ஊசி போட்டார்கள். உப்பு சுவரைவிட்டு இறங்கிய பிறகு ரெஜினா டாக்டர் உலகம்மாளைக் கூப்பிட்டு, வாயில் நுழையாத பெயருள்ள ஒரு மாத்திரையைக் காட்டினாள்.

“இதப் போட்டா அவரால குடிக்கவே முடியாதா டாக்டரம்மா?”

“குடிக்கலாம். யாரும் கையப் பிடிக்கப் போறதில்ல. ஆனா குடிச்சதும் மண்டைக்குள்ள ஒரு சந்தோஷம் வருதுல்ல, அது வராது. ஆளே இல்லாத வீட்டுக்கு எத்தனை நாள் விருந்துக்குப் போவாரு? தேடுறது கொஞ்சம் கொஞ்சமாக் குறையும்.”

“எவ்வளவு நாளைக்குப் போடணும்?”

“சுகருக்கு மாத்திரை போடுறவங்ககிட்ட அப்படிக் கேக்கிறமா? நிறுத்துற நாள் வந்தா நான் சொல்றேன், நீங்களா நிறுத்தாதீங்க. சோத்துல கலந்து அவருக்குத் தெரியாமக் குடுக்கிற வேலையெல்லாம் வேண்டாம். கையில குடுங்க, அவரா முழுங்கட்டும்.”

அப்படியே கொடுத்தாள். கஞ்சிக்கு முன்னால் உள்ளங்கையில் மாத்திரை, பிறகு கஞ்சி. அவனும் முழுங்கினான்.

வெயிலுமுத்து ஊருக்குத் திரும்பிக் கொஞ்ச நாளில், அவனோடு சேர்ந்து குடித்து வளர்ந்த சித்திரவேல் ஒரு குவாட்டரை மடியில் கட்டிக்கொண்டு வந்தான். கிணற்றுச் சுவரில் உட்கார்ந்தார்கள்.

“என்னல மாப்ள, ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சாமியாராயிட்டு வந்திட்டியோ?”

“சும்மா இருல.”

“வாய் மட்டுமாவது வையி. ஒனக்குன்னு வாங்கினேன், நான் மட்டும் குடிச்சா தொண்டையில இறங்குமா?”

வெயிலுமுத்து வாங்கிக் குடித்தான். நாக்கைச் சப்புக்கொட்டிப் பார்த்தான். பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். “பச்சத் தண்ணிய அடச்சு வித்திருக்கான்” என்றான். சித்திரவேல் பிடுங்கி ஒரு வாய் விட்டுக்கொண்டு கண்ணில் நீர் தளும்ப இருமினான். “எனக்குக் கொடலு எரியுது, ஒனக்குப் பச்சத் தண்ணியா?” மறுபடி வெயிலுமுத்து குடித்தான், மறுபடியும் பச்சைத் தண்ணீர். அப்போது அவன் அழுதான் என்று உலகம்மாள் சொல்வாள். தாய் செத்தபோது அழாதவன் அந்த அரைப் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதான், அத்தனை வருஷமும் கூடவே இருந்த ஒன்று சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டதைப் போல. மிச்சத்தைக் கிணற்றுக்குள் கவிழ்த்துவிட்டு வீட்டுக்கு வந்து படுத்துத் தூங்கினான்.

விடிந்ததும் பாத்திரம் கழுவ இறைத்த பேச்சித்தாய், கையில் பட்ட தண்ணீரைத் தற்செயலாக நக்கியவள், வாளியை அப்படியே தூக்கி வாயில் கவிழ்த்துக்கொண்டாள். கிணறு இனித்தது. மதியத்துக்குள் ஊரிலிருந்த அத்தனை குடமும் நிறைந்தது. அடுத்த நாள் விடியும்போது பழையபடி கரித்தது. சித்திரவேல் கொஞ்சம் யோசித்துவிட்டு ஒரு குவாட்டரை வாங்கிவந்து தன் கையால் ஊற்றிப் பார்த்தான், கரித்தது. வெயிலுமுத்துவை இழுத்து வந்து இன்னொன்றை அவன் கையால் ஊற்றவைத்தான், இனித்தது. அன்று முழுக்க இனித்தது, மறுநாள் கரித்தது, மறுபடி அவன் ஊற்றினான், மறுபடி இனித்தது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. தண்ணீர் வராத நாட்களில் ஏன் என்று கேட்டுக் கேட்டு அலுத்திருந்த ஊர், வந்தபோது கேட்க வேண்டியது ஒன்றுமில்லை என்று நினைத்தது.

வீட்டுக்கு வீடு முறை வைத்தார்கள். இன்றைக்கு இந்த வீடு, நாளைக்கு அடுத்த வீடு என்று கிணற்றுக்கு ஒரு குவாட்டர் வாங்கித் தரவேண்டும். அதுவரை அந்தக் கடைப் பக்கம் முகத்தைக்கூடத் திருப்பாமல் நடந்த பெண்கள் ஆண்களோடு வரிசையில் நின்றார்கள், கடைக்காரன் தலையைத் தூக்காமலே “கிணத்துக்கா, வீட்டுக்கா?” என்று கேட்கப் பழகிக்கொண்டான், கிணற்றுக்கு என்று சொல்லி வீட்டுக்குக் கொண்டுபோனவன் ஒருத்தன் பிடிபட்டு ஊர்க்கூட்டத்தில் காலில் விழுந்தான். பிராந்தி ஊற்றிய நாளில் பருப்பு சீக்கிரம் வேகிறது என்றும் ரம் ஊற்றினால் பிள்ளைகளுக்குச் சளி பிடிக்கிறது என்றும் பெண்கள் கண்டுபிடித்தார்கள், அதனால் ரம்மை ஊர்க்கட்டுப்பாட்டில் விலக்கினார்கள். தண்ணீர் லாரிக்காரன் ஒரு நாள் வந்து ஒரு செம்பு வாங்கிக் குடித்துப் பார்த்தான், இன்னொரு செம்பு கேட்டான், பிறகு லாரியைப் பின்னாலேயே எடுத்துக்கொண்டு போனான். அந்த ஊருக்குப் பெண் கொடுக்கமாட்டோம் என்றிருந்தவர்கள் பெண் கொடுத்தார்கள். குடிக்கிற ஆண்கள் மட்டும் வெயிலுமுத்துவைப் பார்க்கும்போதெல்லாம் “எங்க பாட்டிலத் தொட்டிராதவே, பொழப்பு போயிரும்” என்று சொல்லிச் சிரித்தார்கள்.

ஆனால் உலகம்மாள் தினமும் பார்த்தது வேறு. மாத்திரையைப் போட்டுக் கஞ்சியைக் குடித்து அவன் கிணற்றுக்குப் போவான், குடங்களோடு பெண்கள் காத்திருப்பார்கள், முறை வீட்டுக்காரி பாட்டிலை அவன் கையில் வைப்பாள், அவன் மூடியைத் திருகும்போது ‘நெறுக்’ என்று ஒரு சின்னச் சத்தம் வரும். அந்தச் சத்தம் வரும்போது எல்லோரும் கிணற்றைப் பார்ப்பார்கள், அவள் மட்டும் அவன் தொண்டையைப் பார்ப்பாள். ஊற்றிவிட்டு வந்து அவன் சாம்பலைப் போட்டுக் கையைத் தேய்ப்பான், தோல் சிவக்கத் தேய்ப்பான்.

“ஒலகு, வாய் இப்பல்லாம் கேக்கிறதே இல்ல” என்றான் ஒரு நாள். “கைதான் கேக்குது. தெனமும் அதப் பிடிக்கிறேன்லா, கைக்கு எப்பிடித் தெரியும் இது ஊத்துறதுக்குன்னு.”

அவன் உடம்பு தேறியது. கன்னத்தில் சதை வைத்தது, பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான், கூலியில் மீன் வாங்கி வந்தான். இந்த மனுஷன் இப்படியே இருந்துவிட வேண்டும், அதற்கு மேல் எனக்கு ஒன்றும் வேண்டாம் என்று உலகம்மாள் வேண்டிக்கொண்டாள். மருந்து வாங்கப் போனபோது டாக்டரிடம் கிணற்று விஷயத்தையும் சொன்னாள்.

“தினமும் பாட்டில் அவர் கையிலயா? வேற யாராவது ஊத்தக் கூடாதா?”

“வேற யாரு ஊத்துனாலும் கரிக்கு டாக்டரம்மா.”

ரெஜினா டாக்டர் சிரிக்கவில்லை, அப்படியெல்லாம் நடக்காது என்றும் சொல்லவில்லை. பேனாவை மூடி வைத்தாள். “ஊருக்குத் தண்ணி வேணும். அவருக்கு மாத்திரை வேணும். ரெண்டுல ஒண்ணுதான்னு ஒரு நாள் வந்தா எத விடணும்னு இப்பவே யோசிச்சு வச்சுக்கங்க. அந்த நேரத்துல யோசிக்க விடமாட்டாங்க.”

அந்த நாள் கோயில் கொடைத் திருவிழாவுக்கு முன்னால் வந்தது. அளத்தம்மன் கொடைக்குக் காப்புக் கட்டுகிறவன் கையால் பூசையெல்லாம் நடக்கும். அவன் செருப்புப் போடக் கூடாது, முகம் வழிக்கக் கூடாது, வெளிச் சாப்பாடு தொடக் கூடாது, ஆஸ்பத்திரி மருந்து நாக்கில் படக் கூடாது. கோயில் தலைவர் சண்முகவேல் இந்த வருஷம் காப்பு வெயிலுமுத்துவுக்குத்தான் என்றார், கூட்டம் சரி என்றது, யாருக்கும் அதில் இரண்டாம் பேச்சு இல்லை.

“அண்ணாச்சி, மத்த எல்லா விரதமும் இருக்கட்டும். மாத்திரைய மட்டும் போட்டுக்கிடட்டும்” என்றாள் உலகம்மாள்.

“நீயே சொல்லும்மா, கிணத்த மாத்தினது அம்மனா, ஆஸ்பத்திரியா?”

அவளிடம் பதில் இருந்தது. ஆனால் அவளுக்குப் பின்னால் இடுப்பில் நிறைகுடத்தோடு பெண்கள் நின்றார்கள். பேச்சித்தாய் அவள் முழங்கையைத் தொட்டு, “யக்கா, ஒரு கொடைக்குத்தான. குறுக்க நிக்காத” என்றாள். ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல், “குடிய விட்டிட்டு மாத்திரையப் பிடிச்சிட்டான், அதும் போததான, ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?” என்றது. சிரித்தார்கள். வெயிலுமுத்து சிரிக்கவில்லை. அவனுக்கு முகம் சுண்டிப்போனது.

வீட்டுக்கு வந்ததும், “நான் நல்லாத்தான இருக்கேன்” என்றான். “இப்ப என்னத்துக்கு மாத்திரை? நோயாளின்னு எத்தன காலத்துக்கு நீட்டிக்கிட்டே இருப்ப?”

“நல்லாருக்கியன்னா அது மாத்திரையாலதான்.”

“என் கையால ஊரே குடிக்குதுடி. முன்ன என் நெழலு பட்டாலே ஒதுங்குவானுவ. இன்னைக்குக் காப்பு எனக்குன்னு சொல்லுதானுவ. இத விடச் சொல்லுதியா?”

அவள் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அவன் அதை வாங்கவில்லை. தெரியாமல் கலக்காதே என்று டாக்டர் சொன்னது அவளுக்கு நினைவிருந்தது. கலந்திருக்கலாமோ என்று பிறகு பல வருஷம் நினைத்தாள், கலந்தால் அது வேறு பாவம் என்றும் நினைத்தாள். அட்டையை அஞ்சறைப் பெட்டிக்கு அடியில் வைத்தாள்.

காப்புக் கட்டிய பிறகும் கிணறு இனித்தது. அடுத்தடுத்த நாளும் இனித்தது. பிறகு ஒரு நாள் தண்ணீரை விழுங்கியதும் தொண்டையின் கடைசியில் லேசாக ஒரு கரிப்பு தட்டியது, அதை யாரும் சொல்லவில்லை. வெற்றிலை போட்ட நாக்கு, காய்ச்சல் வந்த நாக்கு, மூப்பு வந்த நாக்கு என்று அவரவர் நாக்கை அவரவர் குறை சொல்லிக்கொண்டு குடித்தார்கள். மறுநாள் கரிப்பு கொஞ்சம் கூடியது, குழம்பில் உப்பைக் குறைத்துப் போட்டார்கள். வெயிலுமுத்து மூடியைத் திருகிய பிறகு ஊற்றுவதற்கு முன்னால் பாட்டிலை ஒரு கணம் மார்போடு வைத்துக்கொண்டு நின்றதை உலகம்மாள் பார்த்தாள். அதற்கு அடுத்த நாள் அந்த ஒரு கணம் நீண்டது.

மதியக் கொடைக்கு அக்கம்பக்கத்து ஊர்களெல்லாம் வந்திருந்தன. மேளம் அடிக்க, குலவை எழும்ப, மஞ்சள் வேட்டியும் தாடியுமாக வெயிலுமுத்து அம்மனைக் கும்பிட்டுக் கிணற்றில் ஊற்றினான். புதுக் குடத்தில் இறைத்துச் சண்முகவேல் கையில் கொடுத்தார்கள். அவர் வாயில் விட்டார், துப்பவில்லை, மெதுவாக விழுங்கினார்.

“கரிக்கு” என்றார்.

மேளம் நின்றது. கூட்டத்துக்குள்ளிருந்து ஒருத்தன், “காப்போட குடிச்சிருக்கான்” என்றான். அது தீப்போலப் பரவியது. வெயிலுமுத்து கையெடுத்துக் கும்பிட்டான். “அம்மன் மேல ஆணையா ஒரு சொட்டு உள்ள போகல அண்ணாச்சி.”

“போகலன்னா எல்லாருக்கும் முன்னால குடி. ஒன் வாயில அது பச்சத் தண்ணியாத்தான இருக்கும்? பச்சத் தண்ணியா இருந்தா நீ சுத்தம். குத்தம் கிணத்துல, ஒன்கிட்ட இல்ல” என்றார் சண்முகவேல்.

உலகம்மாள் இடுப்பில் குடத்தோடு முன்வரிசையில் நின்றாள். யாரோ மூடியைத் திருகிப் பாட்டிலை அவன் கையில் வைத்தார்கள். அவன் ஒரு வாய் குடித்தான். கண்ணை மூடினான். பாட்டிலை எடுக்காமல் இன்னொரு வாய், இன்னொரு வாய். கண்ணைத் திறந்தபோது நேராக அவளைத்தான் பார்த்தான்.

“பச்சத் தண்ணி” என்றான்.

இந்த இடத்துக்கு வந்ததும் உலகம்மாள் குடத்தைப் பற்றித்தான் பேசுவாள். “குடம் இடுப்புல அமுக்குச்சு தம்பி. வெறுங்குடம்தான், ஆனா அப்படி அமுக்குச்சு” என்பாள். ஒவ்வொரு முறையும் இதே வார்த்தைகள்.

பெண்கள் குலவை போட்டார்கள். இன்னொரு பாட்டில் நீட்டினார்கள். “இது?” “பச்சத் தண்ணிதான்.” அடுத்த ஊர்க்காரன் ஒருத்தன் தன் மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தான். “இதும் அப்படித்தான்” என்றான் வெயிலுமுத்து, இப்போது அவன் முகத்தில் ஒரு மலர்ச்சி இருந்தது, அதை அருள் என்றார்கள். சாமிக்குப் படைக்க வந்த பாட்டில்களெல்லாம் கைமாறிக் கைமாறி அவனிடம் வந்தன, மேளம் மறுபடி எழுந்தது, அவன் குடிக்கக் குடிக்க ஊரின் மானம் திரும்பி வந்தது, தங்கள் பிள்ளைகளைத் தூக்கிக் காட்டி ‘பாரு, அவரு வாயில எல்லாம் தண்ணியாயிருது’ என்றார்கள். அவனுக்கு அத்தனை மாதமும் பழக்கம் விட்டுப்போயிருந்த உடம்பு. அது யாருக்கும் தோன்றவில்லை.

வெயில் சாயும்போது அவன் கோயில் பந்தலின் ஓரத்தில் குப்புறச் சரிந்தான். மூச்சில் ஒரு குறட்டை வந்தது. உலகம்மாள் ஓடிப்போய் அவனைப் புரட்டப் பார்த்தாள்.

“தொடாதம்மா” என்றார் சண்முகவேல். “காப்பு இன்னும் அவிழ்க்கல. சாமி வந்து போன அசதி, தானா எந்திரிப்பான்.”

“ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும் அண்ணாச்சி.”

“பச்சத் தண்ணி குடிச்சவனுக்கு எதுக்கு ஆஸ்பத்திரி?”

அவர் அதைக் கேலியாகச் சொல்லவில்லை. சித்திரவேல் மட்டும் வந்து, யார் தடுத்தும் கேட்காமல், அவனை ஒருக்களித்துப் படுக்கவைத்தான். அதற்குள் குறட்டை நின்றிருந்தது. வாயோரத்தில் வழிந்ததை உலகம்மாள் முந்தானையால் துடைத்தாள், துடைத்த முந்தானையிலிருந்து பிராந்தி வாடை எழுந்தது, சுற்றி நின்றவர்களுக்கெல்லாம் அந்த வாடை அடித்தது.  காப்பைப் பிணத்தின் கையிலிருந்துதான் அவிழ்த்தார்கள்.

அம்மன் எடுத்துக்கொண்டாள் என்று ஊர் சொன்னது, கிணற்றடியில் அவனுக்கு ஒரு மாடம் கட்டியது. லாரி மறுபடி வரத் தொடங்கியது. ஆனால் முறை நிற்கவில்லை. இன்றைக்கும் தேரியடியில் வீட்டுக்கு வீடு கிணற்றுக்கு ஒரு குவாட்டர் வாங்குகிறார்கள், மாடத்துக்கு முன்னால் காட்டிவிட்டு ஊற்றுகிறார்கள், கிணறு கரிக்கிறது, ஊற்றியது போக மிச்சத்தை யாராவது குடித்துவிடுகிறார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் சித்திரவேல் உலகம்மாளின் வாசலில் வந்து நின்றான். கை நடுங்கியது. “மைனி, அந்த டாக்டர்கிட்ட என்னையும் கூட்டிட்டுப் போறீயளா?” என்றான். கூட்டிப்போனாள். ஊர் சிரித்தது, சாமியாலயே முடியாதத மாத்திரை செய்யப் போகுதாக்கும் என்றது.  நடுவில் இரண்டு முறை அவன் தவறிக் குடித்து விழுந்தான், மறுபடி போய் ஆஸ்பத்திரியின் நீண்ட வரிசையில் உட்கார்ந்தான். காப்புக் கட்டச் சொன்னபோது மாட்டேன் என்றான், அந்த வருஷம் ஊர் அவனோடு பேசவில்லை. இப்போது ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறான். ஒரு முறை உலகம்மாளிடம், “நானும் கிணத்துல ஊத்திப் பார்த்தேன் மைனி. ஒண்ணும் மாறல. என் கைக்கு அந்த வரம் இல்ல போலுக்கு. குடிக்காம மட்டும் இருக்கேன்” என்றானாம்.

இதோடு அவள் எழுந்து கூடையைத் தலைக்குத் தூக்கிவிடச் சொல்வாள். நானும் இத்தனை வருஷமும் தூக்கிவிட்டிருக்கிறேன். ஒரு சாராயப் புட்டி ஒரு கிணற்றை இனிக்கவைக்குமா என்று ஒவ்வொரு முறையும் அவளைச் சந்தேகப்பட்டுக்கொண்டு வீட்டுக்குள் போயிருக்கிறேன். கிணறு இனித்திருக்கும் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. அதில் எனக்குக் கேட்க ஒன்றுமில்லை. போன தடவை அவள் குடத்தைப் பற்றிச் சொல்லி முடித்து, சித்திரவேலுக்கு வருவதற்கு முன்னால் மூச்சு வாங்கிய அந்த இடைவெளியில், இதுவரை நான் கேட்காததைக் கேட்டேன்.

“அக்கா, அவரு ஒங்களப் பாத்துப் பச்சத் தண்ணின்னு சொன்னாருல்ல. ஊரு நம்புச்சு, சரி. நீங்க நம்புனீங்களா?”